ஃப்ரீசரில் சரஸ்வதி

ஆறு வருஷமாக என் பிழைப்பு ஒரு கருப்புக் கோடு. கேரளத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "படிப்பு எப்போ முடியும்?" என்று என்னைக் கேட்காத வாய் அந்தத் தெருவில் இன்னும் பல் முளைக்காத வாய் மட்டும்தான்.

விஷயம் இதுதான். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அடுப்புகள் இருக்கின்றன. அந்த அடுப்பில் வேலை பார்க்கும் ஒரு நொதியைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. நொதியைக் கண்ணால் பார்க்க முடியாது. செல்களை உடைத்துக் கரைத்து, அந்தக் கரைசலை ஒரு ஜெல்லில் ஓடவிட்டு, பிறகு தாள் போன்ற ஒரு சவ்வுக்கு மாற்றி, அந்த நொதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றினால், நொதி இருக்கும் இடத்தில் ஒரு கருப்புக் கோடு விழும். இதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். கோடு தடித்தால் நொதி அதிகம், மெலிந்தால் குறைவு. இப்படித் தடித்த கோடுகளையும் மெலிந்த கோடுகளையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதி அனுப்பினோம். அது வெளிவந்தால்தான் நான் தீசிஸ் கொடுக்க முடியும்.

கட்டுரையை மூன்று பேர் மதிப்பிட்டார்கள். முதல் இருவரும் தங்கமானவர்கள். காற்புள்ளிகளைத் திருத்தச் சொன்னார்கள். மூன்றாமவர் ஒற்றை வரி எழுதியிருந்தார். அந்தக் கோடு நீங்கள் சொல்லும் நொதிதான் என்பதற்கு என்ன சாட்சி?

முகம் தெரியாத அந்த மனிதரை நான் தினமும் கிழக்கேகோட்டை பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் திட்டினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், உதடு அசைந்திருக்கும் போலிருக்கிறது. அவர் கேட்டது தப்பு என்றால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. சரியான கேள்வி. ஆறு வருஷத்தில் நானே ஒருநாள்கூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

அதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஜீன் எடிட்டிங் செய்து அந்த நொதிக்கான மரபணுவை மட்டும் வெட்டிக் கெடுத்த செல்கள் கிடைக்கின்றன. அவற்றை உடைத்துக் கரைத்த கரைசலுக்கு நாக்-அவுட் லைசேட் என்று பெயர். அதில் மற்றதெல்லாம் இருக்கும், அந்த நொதி மட்டும் இருக்காது. என் ஆன்டிபாடி யோக்கியமானது என்றால் அதில் கோடு விழக்கூடாது. விழுந்துவிட்டால், ஆறு வருஷமாக நான் வேறு ஏதோ ஒரு புரதத்தை அளந்துகொண்டிருந்தேன் என்று அர்த்தம். வெட்டாத சாதாரணச் செல்கள் எங்கள் லேபிலேயே வளர்ந்துகொண்டிருந்தன. இருப்பது எங்களிடம் இருந்தது. இல்லாததைத்தான் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் விளக்கினேன்.

"அந்த டப்பால என்னதான்டி இருக்கும்?" என்றாள் அம்மா.

"இருக்கறது முக்கியமில்லைம்மா. அதுல ஒண்ணு இல்லை பாரு, அதுதான் முக்கியம்."

"இல்லாததை எதுக்குக் கடல் தாண்டி வரவழைக்கணும்? நம்மாத்துல இல்லாதது எத்தனை இருக்கு, அதுல ஒண்ணை எடுத்துண்டு போயேன்."

அப்பா ரசம் சாதத்தைப் பிசைந்தபடி சிரித்தார். அவர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆனவர். சட்டம், விதி, முன்னுதாரணம் இவை இல்லாமல் அவருக்கு மோர்கூட இறங்காது. "இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கறதுதான் லோகத்துலயே கஷ்டம். பாக்கி இல்லைன்னு நான்-லயபிலிட்டி சர்டிபிகேட் வாங்கப் போய்ப் பாரு, தெரியும்," என்றார். என் ஆராய்ச்சியைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

ஆர்டர் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் பார்சலுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் நவராத்திரியில், அதுவும் அஷ்டமியன்று வந்து சேர்ந்தது. எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தை அன்று மத்தியானத்தோடு அடைத்துவிட்டார்கள். நான் மட்டும் செல் வளர்க்கும் அறைக்குள் இருந்தேன். அந்த அறைக்குள் போனைக் கொண்டுபோக மாட்டோம், வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் நுழைவோம். வெளியே வந்து பார்த்தால் கூரியர் சேட்டனிடமிருந்து ஏழு மிஸ்டு கால், ஒரு செய்தி. கேட்டில் வாங்க ஆளில்லை, வீடு தெரியும் என்பதால் அம்மையின் கையில் கொடுத்துவிட்டேன், ஹேப்பி பூஜா. நல்ல மனுஷர். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

நான் அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியதற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. படிக்கிற, எழுதுகிற சாமான்களையெல்லாம் சரஸ்வதி முன்னால் அடுக்கி வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பள்ளிக்கூட நாட்களில் எனக்குப் பிடித்த பண்டிகையே இதுதான். படிக்காதே என்று அம்மாவே சொல்லும் நாள் வேறு ஏது? ஆராய்ச்சிக்கு வந்த பிறகு வருஷா வருஷம் எழுதித் தீர்ந்த ஒரு பழைய லேப் நோட்டைத்தான் பூஜைக்குக் கொடுப்பேன். அம்மா அப்போதே சொல்வாள்: "பழசைக் கொடுத்து சரஸ்வதியை ஏமாத்தறே. அதான் உன் படிப்பு முடியமாட்டேங்கறது."

அப்படிப்பட்டவள் கையில் பூஜை வைப்பு அன்றைக்கு, ஆராய்ச்சி உபயோகத்துக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பெட்டி கிடைத்தால் என்ன ஆகும்?

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் மேகம் தவழ்ந்துகொண்டிருந்தது.

மிகைப்படுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கொலுவின் மேல்படியில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் என் தெர்மோகோல் பெட்டி, மூடி திறந்து, சந்தனம் குங்குமத்தோடு வீற்றிருந்தது. அதிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து, தசாவதாரத்தைத் தாண்டி, செட்டியார் பொம்மையின் தொப்பையை மூடி, கடைசிப் படியில் கிரிக்கெட் மைதானத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிராத்து மாமி சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிராத்து மாமி சாமான்யப்பட்டவள் இல்லை. வாசலில் விழும் நியூஸ் பேப்பருக்கே தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள். எங்கள் தெருவின் மடி ஆசாரத்துக்கு அவள்தான் தலைமைச் செயலகம்.

"இந்த வருஷம் உங்காத்துக் கொலுவுல கைலாசம் பிரமாதம்டி," என்றாள் மாமி என்னைப் பார்த்து. "அப்படியே பனி இறங்கறதே! எந்தக் கடையில வாங்கினே?"

"அம்மா, பெட்டியை யார் திறந்தா?"

"நான்தான்," என்றாள் அம்மா பெருமையாக. "வெளியிலேருந்து வந்த சாமானை அப்படியே சுவாமிகிட்ட வைக்கலாமோ? துளி தண்ணி தெளிச்சேன். புஸ்ஸுனு கிளம்பித்து பாரு புகை! நன்னாருக்கேன்னு இன்னும் ரெண்டு உத்தரணி தண்ணி விட்டேன்."

டிரை ஐஸ், அதாவது கட்டியாக உறைந்த கரியமில வாயு, அதன் மேல் தண்ணீர். லைசேட் உருகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து கட்டி அனுப்பிய டிரை ஐஸில், வருகிற வழியில் கரைந்ததுபோக மிச்சமிருந்ததை அம்மா கைலாசமாக்கி மாமிகளுக்குக் காட்டிவிட்டாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கடுகு டப்பா அளவு டிரை ஐஸ் இருந்தது. அதற்கு நடுவில் என் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பி, அதன் தலையிலும் ஒரு குங்குமப் பொட்டு.

மாமி போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போனதும் கத்தினேன்.

"இது உருகினா போச்சும்மா! இப்பவே லேபுக்குக் கொண்டுபோய் ஃப்ரீசர்ல வைக்கணும்!"

"பூஜைக்கு வெச்சாச்சு. விஜயதசமி காலம்பற வரைக்கும் தொடப்படாது. அதுவும் வீட்டை விட்டு வெளியிலயா? நன்னாருக்கு!"

"உன் சரஸ்வதிக்கு வெஸ்டர்ன் பிளாட் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுத்தோ? அப்புறம் ஏன்டி ஆறு வருஷம்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஒரு உத்தரவு வரப்போகிறது என்று அர்த்தம்.

"பூஜையிலேருந்து சாமானை எடுத்தாத்தானே தப்பு?" என்றார். "பூஜையையே இடம் மாத்தினா? ஆபீஸை வேற பில்டிங்குக்கு மாத்தறபோது ஃபைலும் கூடப் போகும். அதை ஃபைலை எடுத்ததா யாரும் சொல்ல மாட்டா."

அம்மா யோசித்தாள். "அப்போ சரஸ்வதியும் கூடப் போகணும்."

"போகட்டும்."

"ஃப்ரீசருக்குள்ளயா?"

"ஏன், அவளுக்கு வெள்ளைத் தாமரை, வெள்ளைப் புடவை. வெள்ளை ஃப்ரீசர்ல நன்னாவே இருப்பா."

அடுத்த பத்து நிமிஷத்தில் எங்கள் ஃப்ரீசரிலிருந்து தேங்காய்த் துருவல், பட்டாணி, என்றைக்கோ வாங்கிய ஐஸ்க்ரீம் எல்லாம் வெளியேற்றப்பட்டன. உள்ளே துடைத்து, இழைக்கோலம் போட முடியாததால் ஒரு துளசி இலை வைத்து, உள்ளங்கை அகலப் படத்திலிருந்த சரஸ்வதியைப் பிரதிஷ்டை செய்தாள் அம்மா. அவளுக்குக் குளிருமே என்று ஒரு பட்டு ரவிக்கைத் துணியைப் போர்த்தினாள். பக்கத்தில் என் குப்பி. விளக்கு எங்கே ஏற்றுவது என்று கேள்வி வந்தது. கீழ்க் கதவைத் திறந்தால் பல்பு எரிகிறதே, அது போதாதா என்று அப்பா கேட்டதற்கு அம்மா முறைத்த முறைப்பில் அவர் நியூஸ் பேப்பருக்குள் போய்விட்டார். கடைசியில் ஃப்ரிட்ஜுக்கு எட்ட ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் காமாட்சி விளக்கு எரிந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நினைத்திருந்தால் அன்றைக்கே குப்பியைப் பிடுங்கிக்கொண்டு லேபுக்கு ஓடியிருக்கலாம். இதைவிட அற்பக் காரணங்களுக்கு நான் அம்மாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் தொடப்படாது என்று அவள் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது. அந்தக் குப்பியைத் திறந்து பார்க்க எனக்குப் பயம். அதில் கோடு விழுந்துவிட்டால்? பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வரும் சந்தோஷம்தான் அது. வயது முப்பத்தொன்று.

அன்று அப்பா மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தச் செல் எதனோடது? எலியா?"

"மனுஷ செல்ப்பா. எப்பவோ யாரோ ஒருத்தர்கிட்டேர்ந்து எடுத்து லேப் லேபா வளர்க்கறது. அதைக் கரைச்சது."

அப்பா ஃப்ரிட்ஜைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். துளசியைப் பார்த்தார். "அம்மாவுக்குத் தெரியவேண்டாம்," என்றார். "இந்த ஃபைல் கான்ஃபிடென்ஷியல்."

நவமியன்று நான் லேபுக்குப் போனேன். செல்களுக்கு சரஸ்வதி பூஜை லீவு கிடையாது, வேளாவேளைக்கு உணவு மாற்றாவிட்டால் செத்துப்போகும். படிக்கவும் எழுதவும் மாட்டேன், சோறு மட்டும் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னதும் அம்மா அனுமதித்தாள். திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, குப்பி உறைந்து கல்லாக இருந்தது. அம்மா மட்டும் வழக்கத்துக்கு மாறாக என்னை எதற்கும் திட்டவில்லை. நான் அதைப் பண்டிகைச் சலுகை என்று எடுத்துக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் ஃப்ரீசருக்குக் கற்பூரம் காட்டிப் பூஜையை எடுத்தோம். தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ எழுதச் சொன்னாள் அம்மா. எழுதினேன். பிறகு குப்பியை ஐஸ் நிரப்பிய காபி ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அன்று ஜெல் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்தேன். மறுநாள் மத்தியானம் படம் எடுக்கும் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் லேப் டெக்னீஷியன் சேட்டன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

திரையில் இடதுபக்கம், எங்கள் சாதாரணச் செல்களின் இடத்தில், கன்னங்கரேல் என்று கோடு. வலதுபக்கம், நாக்-அவுட் இடத்தில், வெள்ளை வெளேர்.

"ஒண்ணும் காணானில்லல்லோ," என்றார் சேட்டன், ஒன்றும் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு.

"அதேதான் சேட்டா!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். ஸ்டூல் கீழே விழுந்தது. ஆன்டிபாடி யோக்கியமானது. ஆறு வருஷமும் அந்த நொதியைத்தான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் மதிப்பீட்டாளர் ஒழிக. அவர் வாழ்க.

இந்தக் கூத்து ஒரு நிமிஷம் நீடித்தது. பிறகு கைலாசம் ஞாபகம் வந்தது. இதில் நொதி இல்லாததால் கோடு விழவில்லையா? அல்லது வழியிலும் கொலுவிலும் உருகி, உள்ளே இருந்த புரதமெல்லாமே கெட்டுப்போனதால் விழவில்லையா? கெட்டுப்போன கரைசலும் இப்படித்தான் வெள்ளையாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள, எல்லாச் செல்லிலும் எப்போதும் இருக்கும் இன்னொரு புரதத்தை அதே சவ்வில் தேட வேண்டும். அதற்கு இரு பக்கமும் கோடு விழுந்தால் லைசேட் நல்லது. வலதுபக்கம் விழாவிட்டால் எல்லாம் பாழ். மறுபடி வரவழைக்க நேரம் இல்லை. திருத்திய கட்டுரையைக் கொடுக்க வேண்டிய கெடு வந்துவிட்டது. இரண்டாவது ஆன்டிபாடியை ஊற்றி ஆட்டும் மேஜையில் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

"கோடு விழலைம்மா. விழப்படாதுதான். ஆனா நிஜமாவே இல்லாததுனால விழலையா, கெட்டுப்போனதுனால விழலையான்னு இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல தெரியும்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. அம்மா வேலையைப் பாதியில் நிறுத்தினால் எனக்குப் பயம்.

"கெட்டுப்போயிருந்தா என்னாலதான்டி," என்றாள். குரல் கரகரத்தது. "தண்ணி தெளிச்சதோட போகலை. நவமியன்னிக்கு நீ போனதும் கரண்ட் போச்சு. பத்து மணிக்குப் போனது, வரவே இல்லை. நானும் பதினொண்ணு வரைக்கும் பார்த்தேன். நீ அன்னிக்கு உருகினா போச்சுன்னு கத்தினியே, அதே காதுல கேட்டுண்டிருந்தது. எடுத்துட்டேன்."

"எதை?"

"அதைத்தான். தொடப்படாதுன்னு உன்கிட்ட சண்டை போட்டுட்டு நானே தொட்டேன். சரஸ்வதியையும் கூட எடுத்துண்டுதான் போனேன், அப்பா சொன்ன மாதிரி. தலைப்புல மறைச்சுண்டு எதிராத்துக்குப் போய், மாமியோட ஃப்ரீசர்ல வெச்சேன். அவாத்துல இன்வெர்ட்டர் இருக்கோல்லியோ. நீ வரதுக்குள்ள திரும்பக் கொண்டுவந்துட்டேன். பூஜைக்கு வெச்சதை நடுவுல எடுத்தா பலிக்காதும்பா. ரெண்டு நாளா நேக்குத் தூக்கமே இல்லை."

அம்மா ஒரு விதியை மீறி நான் பார்த்ததில்லை. அவள் விதிகளை மீற நான்தான் வருஷக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறேன், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

"மாமிகிட்ட என்னன்னு சொன்னே?" என்று மட்டும் கேட்டேன்.

"தீர்த்தம்னேன். மாமி ஃப்ரீசருக்கு நமஸ்காரம் பண்ணினா."

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரையில் இரண்டு கோடுகள் வந்தன. இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று, ஒரே கனத்தில், அளவெடுத்துப் போட்ட மாதிரி. லைசேட் நன்றாக இருந்தது. அதில் எல்லாம் இருந்தன, என் நொதி மட்டும் இல்லை. நான் சேட்டன் முன்னாலேயே அழுதேன். அவர் பாவம், இப்போது கோடு வந்தும் இந்தப் பெண் அழுகிறதே என்று சாயா வாங்கப் போனார்.

சாயங்காலம் வீட்டில் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "நீ எடுத்ததுனாலதான் பிழைச்சுதும்மா," என்றேன். அவள் சீச்சீ, வேர்வை, போய்க் குளி என்று தள்ளிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அடுப்புப் புகை என்றாள். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு.

எனக்கு மனசு கேட்கவில்லை. தன் ரகசியத்தை அவள் சொல்லிவிட்டாள், என்னுடையது பாக்கி. அப்பா கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

"அம்மா, கோச்சுக்காதே. அந்தக் குப்பியில இருந்தது மனுஷ செல்லைக் கரைச்சது."

அம்மா காபியை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியுமே," என்றாள். "பெட்டி மேலேயே ஹ்யூமன்னு எழுதியிருந்ததே. நேக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுன்னு நினைச்சேளா அப்பாவும் பொண்ணும்? வாசிச்சுட்டுத்தானே தண்ணி தெளிச்சேன்."

"தெரிஞ்சுமா சுவாமிகிட்ட வெச்சே?"

"உன் படிப்பாச்சேடி," என்றாள். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்து, வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எதிராத்து மாமிக்கு மட்டும் தெரியவேண்டாம். நான் அதை வெச்ச இடத்துலதான் அவ இன்னிவரைக்கும் வெண்ணெய் வெச்சிண்டிருக்கா."